வெண்கல பூட்ஸ்

ஷர்ஷென் இருபத்தேழு வருஷம் எங்கள் ஊர்ச் சிற்பத் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு நேர் வழி எங்கள் வேலியை ஒட்டித்தான் போகிறது. அவரோ வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போவார். முழங்கால் அளவு பனி கிடந்தாலும் அந்தச் சுற்றுதான். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் வாய்க்குப் பயந்து பத்து நிமிஷம் கூடுதலா வெளிய இருக்காரு, இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் மனைவி காலிச்சாவே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

ஊர் தாஷ்-புலுங். இசிக்-குல் ஏரியின் தென்கரை. அந்தத் தோட்டத்தையும் அதை ஒட்டியிருக்கும் ஓவியக் கூடத்தையும் பார்த்துக்கொள்கிறவள் நான். என் பெயர் சினார். கூட்டுப்பண்ணைக் காலத்தில் அந்த வேலையில் இருந்தவர் என் அப்பா ஓஸ்மோனாலி. ஷர்ஷெனைப் பற்றி நான் சொல்வதில் எனக்கொரு சங்கடம் உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியவள் நான்தான்.

ஷர்ஷென் எட்டு வயதில் தகப்பனை இழந்தவர். கரகோல் நகரத்துத் தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்துவிட்டு வந்து, பண்ணைக் கொட்டகையில் சேர்ந்தார். அவர் பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியாது என்பார்கள். டிராக்டரில் தொடங்கி கட்டில் கால், பனிச்சறுக்கு வண்டி, தேநீர் காய்ச்சும் சமோவார் என்று உடைந்ததெல்லாம் அவரிடம் போகும். செத்தவர்களின் கல்லறை மேல் வைக்கும் இரும்புக் கூடார வளைவுகளுக்கு அவர் கூலி வாங்கியதே இல்லை. "அந்தாளுகிட்ட போயி யாரு காசு கேப்பா?" என்பார். ஊரில் அவருக்கு நல்ல பேர். அந்த நல்ல பேர்தான் பின்னால் அவரை வாட்டியது.

கோடையில் ஏரியை வரைய நகரத்து ஓவியர்கள் வருவார்கள். தங்க இடமும் ஆட்டுக்கறியும் கொடுத்ததற்குப் பதிலாக ஆளுக்கொரு படத்தை விட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் கூடம். சிற்பிகளும் வந்தார்கள். கருங்கல் செம்மறிக்கடா, வாதுமைக் கூடை தூக்கும் இரண்டு பெண்கள், தரையிலிருந்து எழும்பும் குதிரைத் தலை என்று வெளியே ஒவ்வொன்றாக நின்றன. எல்லாம் கல், சிமெண்ட். ஒன்று மட்டும் வெண்கலம்: பண்ணையில் அதிகம் பால் கறந்த புருல் அக்காவின் சிலை. ரப்பர் பூட்ஸ் போட்டு, கையில் வாளியோடு, அப்போதுதான் கொட்டிலிலிருந்து வெளியே வந்தவளைப் போல் நின்றாள். "அந்தப் பொம்பள என்னைவிட அழகு. என் மூக்கைப் பாதியாக் கொறச்சுட்டான் பாவி" என்று புருல் அக்கா எல்லாரிடமும் சொல்வாள். அந்தத் தோட்டத்துக்குக் கம்பி வேலியும் இரும்புக் கதவும் செய்து கொடுத்தவர் ஷர்ஷென். பூட்டின் சாவி அப்பாவிடம் இருந்தது.

பிறகு பண்ணை கலைந்தது. சம்பளம் இல்லை. வெங்காயம், சோப்பு, எல்லாம் பண்டமாற்று. பழைய உலோகம் வாங்க லாரிகள் வந்தன. செம்பு, வெண்கலம், அலுமினியம் எது கொடுத்தாலும் மாவும் எண்ணெயும் சீனத்துத் துணியும் கிடைத்தன. கம்பங்களில் ஓடிய மின்கம்பியையே அறுத்து விற்றார்கள். விற்றவர்களைக் கேட்க அன்றைக்கு யாருக்கும் தெம்பு இல்லை.

1995 பிப்ரவரியில் ஒரு நாள் பக்கத்து ஊரில் இறந்துபோன ஒருவருக்குப் பெரிய நினைவு விருந்து. குதிரைப் போட்டியும் இருந்ததால் தாஷ்-புலுங்கே காலி. அப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சாயங்காலம் திரும்பி வரும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்த அப்பா, புருல் அக்காவின் பீடத்தில் இரண்டு பூட்ஸ் மட்டும் நிற்பதைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. வேலி அப்படியே இருந்தது. பூட்டும் பூட்டியபடியே இருந்தது.

ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணான நான் கடைசி வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டார் பண்ணையின் பழைய தலைவர்.

"எங்கிட்ட" என்றார் அப்பா.

"வேற யாருகிட்டயும் குடுத்தியா?"

"இல்ல."

தலைவர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். "டேய் ஷர்ஷென், அந்தக் கதவச் செஞ்சவன் நீதானே. சாவி இல்லாம தொறக்க முடியுமா?"

ஷர்ஷென் எழுந்து நின்று தொப்பியைக் கையில் எடுத்தார். "சாவி இல்லாம முடியாது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மேல் யாரும் அப்பாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒருத்தர் மட்டும், "குடும்பத்துக்குன்னு எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு ஓஸ்மோனாலி, இந்தக் காலத்துல யாரு யோக்கியம்?" என்று கத்தினார். அது பரிவு மாதிரி இருந்தது, அதுதான் மோசம். பள்ளியில் எனக்கு 'வெண்கலத்தார் மகள்' என்று பேர் வைத்தார்கள். மார்ச் மாதம் நாங்கள் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய்விட்டோம். அப்பா அங்கே சந்தையில் மூட்டை தூக்கினார்.

அங்கே ஒரு நாள் சாப்பிடும்போது நான் கேட்டேன்: "அதுக்கு என்ன வாங்குனீங்கப்பா? நமக்கு ஒண்ணுமே வரலையே."

அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அம்மா "சாப்பிடு" என்று என் தலையில் தட்டினாள். அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். அப்புறம் 2006இல் அவர் சாகும்வரை நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவராகவும் சொன்னதில்லை. அவர் எடுத்தார் என்றே நான் நம்பினேன்.

ஓவிய ஆசிரியைக்குப் படித்தேன். ஊரில் அத்தை வீடு காலியாகக் கிடந்தது. பூட்டிக் கிடந்த ஓவியக் கூடத்தைத் திறக்க மாவட்டத்தில் ஆள் தேடினார்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அப்படித் திரும்பி வந்தேன். ஊரார் பிரியமாகத்தான் இருந்தார்கள். அப்பாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

2022 கோடையில் பெகிமாய் என்ற சிற்பி பிஷ்கெக்கிலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். தோட்டத்தில் வெறும் பூட்ஸாக நின்ற பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவள், "இதை எடுக்கக் கூடாது. இது மேலயே பழைய இரும்பால ஒரு உருவம் எழுப்பலாம். கலப்பை, பால் கேன், டிராக்டர் சங்கிலி, ஊர்ல கெடக்குறதெல்லாம் வேணும். நல்ல வெல்டர் ஒருத்தரும் வேணும்" என்றாள்.

நல்ல வெல்டர் என்றால் ஊரில் ஒரே ஆள்தான். நான் ஷர்ஷென் வீட்டுக்குப் போனேன். அறுபத்தாறு வயது, கை இன்னும் நடுங்கவில்லை.

"கண்ணு தெரியல" என்றார்.

"நேத்துதான் பக்கத்து வீட்டு அடுப்பச் சரிபண்ணிக் குடுத்தாரு. அடுப்புக்கு மட்டும் தெரியுமாக்கும்!" என்றாள் காலிச்சா உள்ளேயிருந்து.

மறுபடி போனேன். இடுப்பு வலி என்றார். மூன்றாம் முறை பெகிமாயும் வந்தாள். ஊர்த் தலைவரும் வந்துவிட்டார். காலிச்சா தேநீர் ஊற்றிக்கொண்டே, "ஊரே வாசல்ல வந்து நிக்குது, பெரிய சுல்தான் மாதிரி உக்காந்திருக்காரு. எனக்கு மானம் போகுது" என்றாள். ஷர்ஷென் அவளை ஒரு பார்வை பார்த்தார். "வரேன்" என்றார். கூலி மட்டும் வேண்டாம் என்றார். ஊர்த் தலைவர் அவர் தோளைத் தட்டி, "இவரப் போல ஆளுங்க இனிமே பொறக்க மாட்டாங்க" என்றார். அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் நாள் கதவண்டை வந்து நின்றவர் உள்ளே வரச் சற்று நேரம் பிடித்தது. அவர் செய்த கதவு. மேல் கீலைத் தொட்டுப் பார்த்தார். "எண்ணெய் போடணும்" என்றார். அவ்வளவுதான்.

வேலை பதினோரு நாள் நடந்தது. பெகிமாய் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுவாள்; ஷர்ஷென் இரும்பை வளைத்து, வெட்டி, பற்றவைப்பார். இடுப்பு வளர்ந்தது, தோள் வளர்ந்தது, டிராக்டர் சங்கிலியில் பின்னல் தொங்கியது. பூட்ஸ் பக்கம் மட்டும் அவர் போகவே இல்லை. உருவத்தை மரக்கட்டைகள் மேல் படுக்கவைத்தே வேலை செய்தார்.

புருல் அக்கா தினமும் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்து எடுத்து வருவாள். எழுபத்திரண்டு வயது. "டேய் ஷர்ஷென், இந்தத் தடவையாவது மூக்கை முழுசா வைடா" என்பாள்.

"நானா அக்கா வைக்கிறேன்? இந்தப் பொண்ணு போட்ட கோடு."

"இடுப்பு என்னடா இவ்ளோ பெருசு?"

"அது டிராக்டரோட பம்பர் அக்கா."

"பொருத்தமாத்தான் எடுத்திருக்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பூட்ஸைப் பார்ப்பாள். "என்னை யாரு தின்னானோ, அவன் வயிறாவது நெறஞ்சிருக்கும்." ஷர்ஷென் அந்த நேரத்தில் எதையாவது தேடக் கருவிப் பெட்டிக்குள் குனிந்துகொள்வார்.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. எல்லாரும் கூடத்துக்குள் ஓடினோம். ஷர்ஷென் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்கோ வந்தவர் போல் சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஏரி, குதிரைகள், வெயிலில் காயும் வாதுமை. ஜன்னல் பக்கத்துப் படத்தில் நின்றுவிட்டார். கோடைக் காலையில் தோட்டம். வெண்கலப் பால்காரி பளபளவென்று நிற்கிறாள். அவள் காலடியில் ஒருத்தர் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

"இது ஓஸ்மோனாலி" என்றார்.

"ஆமா மாமா. எங்கப்பா."

"அப்படியேதான் குனிவான். ஒரு கை முதுகுல வச்சுக்கிட்டு." மழை நின்றும் அவர் அங்கேயே நின்றார்.

பதினோராம் நாள் உருவத்தைத் தூக்கி பூட்ஸில் நிறுத்த வேண்டும். பெகிமாய் மண்டியிட்டு, அறுந்த விளிம்பைத் துணியால் துடைத்தாள். "இரும்பும் வெண்கலமும் ஒண்ணோடொண்ணு ஒட்டாதாமே மாமா?"

"ஒட்டாது. உள்ள குழாய விட்டு சிமெண்ட் ஊத்தணும். மேல பித்தளைய உருக்கி விட்டா மூடிக்கும்."

அவள் விளிம்பில் விரலை ஓட்டினாள். "இங்க பாருங்க, எவ்ளோ நேரா இருக்கு! திருடன் இப்படியா அறுப்பான்? அவசரத்துல பிச்சு எறிவான். தொழில் தெரிஞ்ச கை இது."

ஷர்ஷென் நெற்றியில் தூக்கிவைத்திருந்த வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டார். பற்றவைக்க எதுவும் தயாராக இல்லை. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை. "என் கைதான்" என்றார்.

பெகிமாய் புரியாமல் சிரித்தாள். "உங்க கை மாதிரியே இருக்குன்றீங்களா?"

"என் கை. நான்தான் அறுத்தேன்."

நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். கேட்டது. காதில் விழுந்தது மனதுக்குள் இறங்க நேரமானது. நேராகக் கூடத்துக்குள் போய் நுழைவுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். திறந்தேன். பிறகு வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில் அதே முகமூடியோடு நின்றார்.

"அத எடுங்க" என்றேன்.

எடுத்தார். வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, முகம் முழுக்க ஈரம்.

"கதவு பூட்டியிருந்துச்சே?"

"மேல் கீலுக்கு மூடி போடல. கடப்பாறைய வச்சு நெம்பினா கதவு அப்படியே கழண்டு வரும். செஞ்சவனுக்கு மட்டும் தெரியும். குதிரையச் சறுக்குவண்டில பூட்டி இழுத்துட்டுப் போயி கொட்டகைல வச்சு ஒடச்சேன். திரும்பி வந்து கதவ மாட்டினேன். தடத்தப் பனி மூடிடுச்சு."

"வீட்டுல பட்டினியா?"

"மாவுக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டு மூட்டை மாவு குடுத்தான். அதோட நின்னிருந்தா… லாரிக்காரன் போட்டிருந்த தோல் ஜாக்கெட்டு மேல கண்ணு போச்சு. அதையும் குடுன்னேன். கழட்டிக் குடுத்தான். ஆறு வருஷம் போட்டேன் அத. நல்லாருக்குன்னு ஊரே சொல்லுச்சு."

எனக்கு அந்த ஜாக்கெட் ஞாபகம் வந்தது. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று எங்கள் பெட்டியை லாரியில் தூக்கிவைத்தது அந்த ஜாக்கெட் போட்ட கைகள்தான்.

"கூட்டத்துல கேட்டாங்களே" என்றேன்.

"கேட்டாங்க. சாவி இல்லாம முடியாதுன்னேன்."

"எங்கப்பா அப்ப உங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு. கீல் விஷயம் அவருக்கும் தெரியும், சினார். வேலி போட்டப்ப பக்கத்துலதான் இருந்தாரு. நானே சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தாரு. நான் உக்காந்துட்டேன்."

தெரிந்தும் அப்பா அவர் பேரைச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று சின்னப் பிள்ளைகள் அப்போது ஷர்ஷெனுக்கு. அதுவாக இருக்கலாம். சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். இவ்வளவு தெரிந்த மனிதரிடம்தான் 'அதுக்கு என்ன வாங்குனீங்க' என்று கேட்டேன். நினைத்ததும் காது மடல் சுட்டது. எதிரில் நிற்பவர் மேல் வர வேண்டிய கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது.

"எங்கிட்ட சொன்னதோட ஆகாது. அன்னைக்கு எந்த ஊருக்கு முன்னாடி பொய் சொன்னீங்களோ, அந்த ஊருக்கு முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்" என்றார். முகமூடியை இறக்கிக்கொண்டு வேலைக்குக் குனிந்தார். அன்று போட்ட பற்றவைப்பு அவர் வாழ்க்கையிலேயே மட்டமானது. மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பெகிமாய் அதைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திறப்பு நாளன்று முந்நூறு பேராவது வந்திருப்பார்கள். அடுத்த ஊர்களிலிருந்தும் வந்து தோட்டம் முழுக்கச் சுற்றினார்கள். பிள்ளைகள் செம்மறிக்கடா மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஊர்த் தலைவர் பேசி முடித்து, ஷர்ஷெனை மேடைக்குக் கூப்பிட்டார். கம்பளித் தொப்பி ஒன்றை அவர் தலையில் வைத்து, பூவேலை செய்த அங்கியைத் தோளில் போர்த்தினார். கைதட்டல். முன்வரிசையில் காலிச்சா தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் மூத்த மகன் கைபேசியில் படம் பிடித்தான்.

ஷர்ஷென் அங்கியைக் கழற்றினார். மடிக்கத் தெரியாமல் மடித்தார். தொப்பியை அதன் மேல் வைத்தார்.

"இது எனக்கு வேணாம். அந்தச் சிலைய அறுத்து வித்தது நான். தொண்ணூத்தஞ்சுல. ஓஸ்மோனாலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சாவி இல்லாம முடியாதுன்னு சொன்னேன்ல, அது பொய்."

மைக் எடுத்துக் கொடுத்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. மகன் கைபேசியை இறக்கினான். காலிச்சா கண்ணைத் துடைத்த கையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

முதலில் பேசியது புருல் அக்கா. "எனக்குப் பதிலா என்னடா குடுத்தாங்க?"

"ரெண்டு மூட்டை மாவு. ஒரு தோல் ஜாக்கெட்டு."

"என்னைய ஒரு ஜாக்கெட்டுக்கா வித்த?"

கூட்டம் சிரித்துவிட்டது. தாங்காமல் வந்த சிரிப்புதான். ஆனால் ஷர்ஷென் அடிவாங்கியவர் போல் குன்றினார். சிரிப்பு அடங்கும்வரை புருல் அக்கா காத்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"என்னைய வித்தது போகட்டும். நான் இங்கயேதான் போர்சோக் தின்னுக்கிட்டு இருந்தேன். ஓஸ்மோனாலிக்கு என்ன பதில் சொல்லுவ? நீ மட்டுமா? அன்னைக்கு நானும் அந்த மன்றத்துல உக்காந்திருந்தேன். என் சிலைக்காக ஒரு மனுஷன நிக்க வச்சுக் கேக்குறாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சுடா. த்தூ."

அன்றைக்குப் பரிவாகக் கத்தியவர், இப்போது எண்பது வயது, சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார். வயதானவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். இளையவர்களுக்கு என்னவென்றே புரியவில்லை. பலகையில் வைத்த பிலாவுச் சோறு ஆறிப்போனது. பாதிப் பேர் சாப்பிடாமலே கிளம்பினார்கள்.

மகன் அவரோடு பேசாமல் மறுநாளே வேலைக்கென்று ரஷ்யா போய்விட்டான். காலிச்சா ஒரு மாதம் தன் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். "தெரிஞ்சிருந்தா அந்த மாவுல ரொட்டி சுட்டிருக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு தானே, "சுட்டிருப்பேன். பிள்ளைங்க இருந்துச்சே. அதான் தாங்கல" என்றாள். விருந்துகளில் ஷர்ஷெனை யாரும் ஒதுக்கவில்லை. அவராகவே வாசல் ஓரத்தில் உட்காருகிறார். பெரியவர்கள் உட்காரும் இடத்துக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் கூடத்துக்கு வந்து, "ஓஸ்மோனாலி எங்க படுத்திருக்கான்? ஒரு தடவ கூட்டிட்டுப் போ" என்றார். விடியற்காலை சிற்றுந்தில் ஏறி மத்தியானம் பிஷ்கெக் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே மேட்டில் அப்பாவின் கல்லறை. ஒரு பலகை, ஒரு தேதி. சுற்றிப் புல் முளைத்திருந்தது.

"ஒரு இரும்பு வளைவு…" என்று தொடங்கினார்.

"வேணாம்."

அவர் மறுபடி கேட்கவில்லை. மண்டியிட்டு ஓதினார். பிறகு குனிந்து மண்ணிடம் ஏதோ சொன்னார். நான் தள்ளி நின்றுகொண்டேன், கேட்க விரும்பவில்லை. அவர் எழுந்து நடந்த பின் நான் உட்கார்ந்தேன். அந்தக் கேள்விக்காக மன்னிப்புக் கேட்க நினைத்து வந்திருந்தேன். அதற்குப் பதிலாகப் புல்லைப் பிடுங்கினேன். கை முழுக்கப் புல்லாகும்வரை பிடுங்கினேன்.

மன்னித்துவிட்டாயா என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்கிறேன். அது உண்மை. அன்று திரும்பும் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இருவருக்கும் நல்ல பசி. நிலையத்து அடுப்பில் சூடாக எடுத்த இறைச்சி சம்சா நான்கை ஷர்ஷென் வாங்கி வந்தார். பெஞ்சில் நடுவே காகிதத்தை விரித்து வைத்து, விரல் சுடச் சுட, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் தின்றோம்.